சாமிக்கு விட்ட சடையும் சனிக்கிழமை எண்ணெயும்

தலையைச் சொறிவதற்கென்றே ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வைத்திருந்தேன். முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கடித்து, மேசையில் பேனாக்களோடு நிறுத்தியிருப்பேன். விரலால் சொறிய முடியாது. ட்ரெட்லாக்ஸ் வளர்க்கிறவன் தலைக்குள் விரல் நுழைகிற இடம் மிகக் குறைவு. என் தலையில் நாற்பத்து மூன்று சடைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். வேர்களுக்கு நடுவே வரப்பு போல ஒடுங்கிய கோடுகள் ஓடும். அந்த வரப்பில் கம்பியை ஓட்டினால் ஒரு நொடி சொர்க்கம். அடுத்த நொடி இரண்டு மடங்கு அரிப்பு. கம்பி வெளியே வரும்போது அதன் முனையில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். முகர்ந்து பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்ப்பேன்.

எனக்கு எதிலும் அவசரம். கிடார் வாங்கி ஆறே வாரத்தில் மேடை ஏறி, நான்காவது பாட்டில் தந்தி அறுந்து இறங்கியவன். மீன்தொட்டி வைத்து, படிக்க வேண்டியதை மீன்கள் செத்த பிறகு படித்தவன். ட்ரெட்லாக்ஸும் அப்படித்தான். கல்லூரி முடித்து, வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்ய ஆரம்பித்த வருடம். யாரோ ஒருவன் கடற்கரையில் சடை பறக்க நடந்துபோவதை நாளெல்லாம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நண்பனுக்கு போன் போட்டேன். மறுநாள் அவன் எங்கள் மதுரை கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தான். அம்மா கதவுத் திரை பின்னுகிற குரோஷா ஊசியை நான் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று நாள் பின்னினான். ஒவ்வொரு சடையும் பிரியாமல் இருக்க தேன்மெழுகைச் சூடாக்கி அப்பினோம். முதல் தப்பு அதுதான். மெழுகு தலைக்குள் போகும், திரும்பி வராது. அதில் தூசு ஒட்டும், அதன்மேல் சோப்பு ஒட்டும். ஒரு வருடம் கழித்து ஒரு சடையைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு இருக்கும். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "ஆத்தாடி, என்னடா இது?" என்றாள். அதோடு சரி. அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அரசு அலுவலகத்தில் கிளார்க். தினமும் காலையில் தண்ணீர் தொட்டு வகிடெடுத்துச் சீவுகிற ஆள்.

"என்ன வேசம்டா கட்டியிருக்க? ஆபீஸ்ல ஒருத்தன் கேக்குறான், உங்க மகன் காசிக்குப் போறானான்னு."

"ஸ்டைலுப்பா."

"ஸ்டைலா? தூக்கணாங்குருவி பாத்துச்சுன்னா குடும்பத்தோட குடி வந்திரும்."

மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் தீர்ப்பு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெட்ட வேண்டும், இல்லையென்றால் அவரே தூங்கும்போது கத்தரித்துவிடுவார். சொன்னால் செய்கிறவர். நான் வாயில் சோற்றோடு, யோசிக்காமல், என் வழக்கமான அவசரத்தில் சொன்னேன்:

"வெட்ட முடியாதுப்பா. இது வேண்டுதல். சாமிக்கு விட்டிருக்கேன்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "எந்தச் சாமிக்கு?"

"நம்ம குலசாமிக்குத்தான்."

திருமங்கலம் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே, ஒரு வேப்பமரமும் ஓட்டுக்கூரையுமாக இருக்கிற கோயில். வருடத்துக்கு ஒருமுறை போவோம். கல்லூரி நாட்களில் அதற்கும் பரீட்சை என்று சாக்குச் சொல்லித் தப்பித்தவன் நான்.

"என்னடா வேண்டியிருக்க?"

"வெளிய சொல்லக் கூடாதுப்பா. சொன்னா பலிக்காது."

எப்பேர்ப்பட்ட பதில் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த அப்பா, போகிற போக்கில் என் தலையை ஒரு மாதிரி, கோயிலில் நிற்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது ஏனென்று எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. பத்து நாளாக அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம், எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நான் யாருட்டயும் சொல்லலியேடா. உனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவும் தெரியாதம்மா, அப்பாவிடமிருந்து தப்பிக்கச் சொன்ன பொய்யம்மா என்று. இரண்டு வாக்கியம். ஆனால் அவள் என் கையை விடாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி ஒரு ஆட்டல். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை வந்து பார்க்க வேண்டும் என்றார் அந்த டாக்டர். வீட்டுக்கு வந்த அம்மா முதலில் குலசாமி படத்துக்கு விளக்கேற்றினாள். இரண்டாவதாக என் தலைக்கு ஒரு விதிமுறை போட்டாள்.

"சாமிக்கு விட்ட முடிடா. கத்திரி படக் கூடாது. கண்ட ஷாம்பூவும் படக் கூடாது. சனிக்கிழமை சனிக்கிழமை நல்லெண்ணெய், சீயக்காய். நானே தேய்ச்சு விடுறேன்."

அன்றிலிருந்து என் தலை அவளுடையது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. குளியலறை வாசலில் முக்காலி. நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் கிண்ணத்தில் கொண்டுவருவாள். வரப்பு வரப்பாக ஊற்றி, ஒவ்வொரு சடையையும் திரி திரிப்பதுபோல உருவி உருவித் தேய்ப்பாள். அவள் பள்ளிக்கூடத்துக் கதைகள் முழுக்க எனக்கு அப்போதுதான் தெரியும். யார் யாருடைய டிபன் பாக்ஸைத் திறந்தான், ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன சொன்னாள், எல்லாம். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்து அரக்குவாள். சாதாரண முடியென்றால் அலசினால் போய்விடும். சடைக்குள் போன சீயக்காய்ப் பொடி எங்கே போகும்? மெழுகில் ஒட்டிக்கொள்ளும். கஞ்சி காய்ந்து அதற்கு மேல் பசை போடும். எண்ணெய் இதையெல்லாம் சேர்த்துப் பிசையும். திங்கட்கிழமை வாக்கில் அரிப்பு ஆரம்பிக்கும். புதன்கிழமை தோளில் வெள்ளை கொட்டும்.

கறுப்புச் சட்டைகளையெல்லாம் நிறுத்தினேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவதை நிறுத்தினேன். மற்றவர்கள் பின்னால் நிற்கும்படியான வரிசைகளில் நிற்பதை நிறுத்தினேன். தலையணை உறையை நானே துவைத்தேன். எடிட்டிங் வேலையில் மாதம் ஒருமுறை வீடியோ கால் வரும். மூஞ்சியை மட்டும் காட்டி, தலை அசையாமல், கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி பேசுவேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் ஈரச்சாக்கு வாடை. சித்திரை மாதத்து மதுரையில், மேலே வெயில், அதற்குக் கீழே ஹெல்மெட், அதற்குக் கீழே நாற்பத்து மூன்று எண்ணெய்த் திரிகள், அதற்கும் கீழே எங்கோ ஒரு மூச்சு முட்டுகிற தோல். சிக்னலில் நிற்கும்போது சில சமயம் அழுகை வந்துவிடும் போல இருக்கும்.

நண்பன்தான் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். "மாப்ள, உன் பக்கத்துல உக்காந்தா என் டீயில பனி பெய்யுதுடா. கிளம்பு."

டாக்டர் அம்மா ஒரு லென்ஸை வைத்து என் வரப்புகளைப் பார்த்தார். பென்சிலால் இரண்டு சடையை விலக்கி, என்னிடம் போனை நீட்டிப் படம் காட்டினார். சிவந்து, அங்கங்கே புண்ணாகி, அதன்மேல் பொருக்கு. அது என் தலை என்று நம்ப நேரமாயிற்று.

"எண்ணெய் வைக்கிறீங்களா?"

"வாரா வாரம் மேடம்."

"அதுதான் இதுக்குச் சாப்பாடு. பொடுகு உண்டாக்குற பூஞ்சை எண்ணெயைத் தின்னுதான் வளரும். நீங்க வாரா வாரம் விருந்து வச்சிருக்கீங்க."

"முடியை வெட்டணுமா மேடம்?"

"வெட்டினா சுலபம். வெட்டலன்னாலும் சரியாக்கலாம். எண்ணெயை நிறுத்துங்க. இந்த மருந்து ஷாம்பூவை வாரம் ரெண்டு தடவை போடுங்க. சடைக்கு இல்ல, தோலுக்கு. தண்ணியில கலந்து மூக்கு வச்ச பாட்டில்ல ஊத்தி, வேருக்கு நடுவுல விடுங்க. அஞ்சு நிமிஷம் இருக்கணும். அப்புறம் தண்ணி தெளியுற வரைக்கும் அலசணும். முக்கியமா, முழுசாக் காயணும். ஈரத்தோட கட்டுனீங்கன்னா உள்ளுக்குள்ள பூத்துப்போகும்."

இவ்வளவுதான் வைத்தியம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், என்னைத் தவிர.

சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "டாக்டர் எண்ணெய் வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"டாக்டருக்குத் தோலு தெரியும். சாமியைத் தெரியுமா? மிளகுக்கு அடங்காத பொடுகா? இன்னும் கொஞ்சம் மிளகு போடுறேன். குனி."

குனிந்தேன். கிண்ணம் சூடாக இருந்தது. புண்ணில் மிளகெண்ணெய் இறங்கியபோது பல்லைக் கடித்தேன். "எரியுதா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அவள் திருப்தியாக ஐந்தாம் வகுப்புக் கதையைத் தொடர்ந்தாள்.

எண்ணெய் வேண்டாம் என்றால், ஏன் என்பாள். வேண்டுதல் பொய் என்று சொல்ல வேண்டும். பொய் என்றால், அவள் உடம்பைக் காப்பாற்றியது எது? ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும் ஆட்டோவில் ஏறுமுன் என் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ஏறினாள். அதற்குப் பிறகுதான் அவள் முகம் தெளியும். அதை நான் எப்படிப் பிடுங்குவது?

எனவே திருட்டுத்தனம். புதன்கிழமைகளில், வேலை விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டு, கீழக்குயில்குடிக்கு வண்டியை விடுவேன். அங்கே நண்பனின் மாமாவுக்கு ஒரு தோட்டம். மோட்டார் ரூம் தொட்டி. முதல் புதன்கிழமை ஒரு பக்கெட் சுடுதண்ணீரில் ஆப்பசோடாவைப் போட்டு என் சடையை ஊறவைத்தான் நண்பன். பத்து நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகி, மேலே எண்ணெய் மிதந்து, அடியில் வண்டல் தங்கியது.

"மாப்ள, இனிமே என் வாழ்க்கையில பருத்திப்பாலே குடிக்க மாட்டேன்டா."

"பேசாம ஊத்துடா."

"இம்புட்டையும் தலையில வச்சுக்கிட்டு எப்படிடா ரோட்டுல நடந்த? லோடு வண்டி லைசென்ஸ் எடுக்கணுமே!"

அலசிவிட்டு மருந்து ஷாம்பூ. ஐந்து நிமிடத்தை அவன் போனில் வைப்பான். அப்புறம் வெயில் ஏறிய சமணர் மலைப் பாறையில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டு, சடைகளைப் பாறைமேல் வற்றல் காயப்போடுகிற மாதிரி பரப்பிவிடுவேன். காய நான்கு மணி நேரம் ஆகும். பாறையின் சூடு பின்னந்தலையில் ஏற ஏற, மருந்தின் குளிர்ச்சி உள்ளே இருக்க, அரிப்பே இல்லாத அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் அந்த வாரங்களில் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. வியாழன் சுகம். வெள்ளி சுகம். சனிக்கிழமை எட்டு மணிக்கு முக்காலி.

இரண்டாவது ரிப்போர்ட்டும் நன்றாக வந்த அன்று அம்மா அறிவித்தாள். "மூணாவதும் நல்லபடியா வந்திட்டா, அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போயி முடி இறக்கிருவோம். பொங்கல் வச்சு, கெடா வெட்டி, சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு."

அப்பா, "அம்புட்டு பேரும் இவன் மொட்டையப் பாக்கவா?" என்று சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

முடி போகும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. வேண்டுதல் என்றால் கடைசியில் கத்தி என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மட்டும் என் பொய்யின் கடைசிப் பக்கம் ஞாபகமில்லை. இவ்வளவு புண்ணையும் பொருக்கையும் தாங்கியது எதற்கு? இந்தச் சடை முதிர்வதற்கு. ஒன்றரை வருடத்தில் அவை இறுகி, நுனி உருண்டு, தோளைத் தொட்டு, நான் முதல் நாள் கனவு கண்ட மாதிரியே ஆகிக்கொண்டிருந்தன. நான் அவற்றை நேசித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

மூன்றாவது பரிசோதனை நெருங்கியது. அம்மாவுக்குத் தூக்கம் குறைந்தது. ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மெஷின் பழுது, ஸ்கேனை இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறோம் என்றார்கள். போனை வைத்ததும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா. இரண்டு வாரம் கிடைத்தது.

அப்புறம் அடுக்களையில் அம்மா நின்ற கோலத்தைப் பார்த்தேன். கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காயோடு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். "இன்னும் ரெண்டு வாரமாடா?" என்றாள். அவளுக்கு அது ரெண்டு வாரப் பயம். எனக்கு ரெண்டு வார முடி. என் தலையில் இருப்பது பொடுகு மட்டுமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் வாங்கப் போனது நான்தான். கவுன்டரில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. கவரை மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நேராகப் போனேன். எனக்கே தெரியாமல் வண்டி கீழக்குயில்குடிக்குப் போய் நின்றது.

பாறையில் உட்கார்ந்தேன். போன் அடித்தது, அம்மா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அப்பா. தலை அரித்தது. கம்பி வீட்டில் இருந்தது. நகத்தை வரப்புக்குள் திணித்துச் சொறிந்தேன், ஒரு பொருக்கு பெயர்ந்து விரல் நுனியில் ரத்தம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் அம்மா வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் என் மயிரைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

"நல்லா இருக்கும்மா. எல்லாம் நல்லா இருக்கு. வாரேன்" என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் குனியவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன் வேண்டுதல்தான்டா. இந்த முடிதான்டா."

குனிந்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அம்மா, நான் வேண்டவே இல்லம்மா."

"என்ன?"

"அப்பா வெட்டிருவாருன்னு பயத்துல பொய் சொன்னேன். உனக்குக் கட்டி இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஷாம்பூ கூட திருட்டுத்தனமாப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

என் தலையிலிருந்து கையை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. உள்ளே சோபாவில் இருந்த அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நீ வேண்டல," என்றாள் மெதுவாக.

"இல்லம்மா."

"சரி. ஆனா நான் வேண்டிட்டேன்ல."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னிக்கு நீ சாமிக்கு விட்டிருக்கேன்னு சொன்னீல. அன்னிக்கே சாமிட்ட சொல்லிட்டேன். புள்ள முடி விட்டிருக்கான், எனக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்க, அந்த முடிய எடுத்துக்கன்னு. நீ சொன்னது பொய்யாவே இருக்கட்டும். நான் சொன்னது பொய்யில்லையே."

உள்ளேயிருந்து அப்பா குரல் மட்டும் வந்தது. "மாட்டுனியா?"

அம்மா சிரிக்கவில்லை. நான் சொன்ன பொய்க்காக என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அதன் பிறகுதான் பிடித்துக்கொண்டிருந்த தலையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வாரா வாரம் தேய்த்தவள், எண்ணெயும் சீயக்காயும் இல்லாமல் அதை அன்றைக்குத்தான் பார்த்தாள் போலிருக்கிறது. இரண்டு சடையை விலக்கினாள். இன்னும் இரண்டை விலக்கினாள். என் விரல் பட்ட இடத்தில் ரத்தம் காயாமல் இருந்தது.

"இம்புட்டுப் புண்ணு. எரியுதான்னு கேட்டேனேடா. இல்லன்னியே."

நான் விரல் நுனி ரத்தத்தைச் சட்டையில் துடைத்தேன்.

"அந்த ஷாம்பூ எங்க?"

"வண்டியில இருக்கு."

"எடுத்துட்டு வா. சாமிக்குக் குடுக்குற தலைய இப்படியா குடுக்குறது? அது என்ன நெனைக்கும்?"

அதே முக்காலி. கிண்ணத்துக்குப் பதிலாக மூக்கு வைத்த பாட்டில். டாக்டர் சொன்னதை நான் சொல்லச் சொல்ல, அவள் வரப்பு வரப்பாக மருந்தை விட்டு, விரல் நுனியால் மட்டும், புண்ணுக்கு நோகாமல் தேய்த்தாள். நுரை கண்ணுக்கு இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எத்தனை நிமிடம் என்று கேட்டாள். ஐந்து என்றேன். "ஆடாம இரு" என்று என் நெற்றியில் கையால் அணைகட்டி நின்றாள். கதை எதுவும் சொல்லவில்லை. ஹாலில் இருந்து அப்பாதான் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

முடி இறக்குவது அடுத்த வெள்ளி இல்லை என்று ஆயிற்று. புண் ஆறாமல் கத்தி வைக்கக் கூடாது என்று அம்மாவே மூன்று வாரம் தள்ளிவிட்டாள். வாரம் இரண்டு தடவை முக்காலி, ஐந்து நிமிடம். எங்கள் மொட்டை மாடியிலேயே, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து நன்றாகக் காயவைக்கிறேன். பொருக்கு உதிர்ந்துவிட்டது. அலசுகிற தண்ணீர் தெளிவாகப் போகிறது. சடைகள் லேசாகி, தலையைத் திருப்பினால் தனித்தனியாக ஆடுகின்றன. கறுப்புச் சட்டை போட்டேன். தோளில் ஒன்றுமில்லை. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான், இந்தத் தலைக்குத்தான்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நேற்று நண்பன் பார்த்துவிட்டு, "மாப்ள, இப்பத்தான்டா அம்சமா இருக்கு" என்றான். அடுக்களையில் அம்மா யாரிடமோ போனில் கோயிலுக்கு எத்தனை மணிக்கு வேன் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.